உப்புக்காரர் வீட்டு இரண்டு பானைகள்

சிப்ஸ் கம்பெனியில் எல்லோரும் அவரை உப்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. ஒருநாள் மைக்கில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது அவரே திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவர் யாரோ புது ஆள் போலிருக்கிறது என்றார். இவரும் இருக்கும் என்றார்.

கிழங்கு கழுவி, தோல் சீவி, வில்லையாக அறுபட்டு, எண்ணெயில் வெந்து கடைசியாக வந்து விழும் இடம் அவருடையது. அங்கே ஆள் உயரத்தில் ஒரு பீப்பாய் படுத்தவாக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். சிப்ஸ் அதற்குள் விழுந்து புரளும்போது மேலே இருக்கும் குழாயிலிருந்து உப்பு தூவிக்கொண்டே இருக்கும். வீட்டில் போடுகிற உப்பு மாதிரி இல்லை, முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி அவ்வளவு நைஸ். அந்த உப்புக்கு ஒரே விரோதி ஈரம். குழாயின் வாயில் கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், உப்பு கட்டிக்கொள்ளும், அடுத்த நூறு பாக்கெட் சப்பென்று போகும். அதனால் அரைமணிக்கு ஒருமுறை குழாயின் வாயை நன்றாகக் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். அதற்கென்று அவர் தோளில் ஒரு துண்டு கிடக்கும்.

அந்தத் துண்டைத் துவைக்கக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். துவைத்த துணி எவ்வளவு காய்ந்தாலும் உள்ளுக்குள் ஈரத்தை ஒளித்து வைத்திருக்கும் என்பார். உதறலாம், வெயிலில் போடலாம், அவ்வளவுதான். ஒருமுறை கம்பெனியைப் பெருக்க வரும் அம்மாள் நல்ல மனசோடு அதைத் துவைத்துப் போட்டுவிட, அன்று மதியமே குழாய் அடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து துண்டை அங்கே விட்டுவைப்பதில்லை. தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். நாற்காலி முதுகில் போட்டால் மடங்காமல் அட்டை மாதிரி நிற்கும். வீட்டில் கை கழுவினாலும் அதில்தான் துடைப்பார், முகம் கழுவினாலும் அதில்தான். துடைக்கிற ஈரம் மேலோடு போய்விடும், துவைக்கிற ஈரம்தான் உள்ளே தங்குமாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் வீட்டம்மா, வீட்டுக்கு எதிர்க் கட்டடத்து லாண்டரியில் இஸ்திரி மேசைக்குப் பொறுப்பு. ஊரில் இருக்கிற அத்தனை ஓட்டல்களின் விரிப்பும் தலையணை உறையும் அவள் கைபட்டுத்தான் போகும். அவள் கைபடாத துணி ஒன்றே ஒன்று, அது அவள் புருஷன் தோளில் கிடந்தது.

உப்புக்காரருக்கு இன்னொரு வேலையும் உண்டு. கால்மணிக்கு ஒரு சிப்ஸை இடுக்கியால் எடுத்து நாக்கில் வைப்பார். மனசுக்குள் நாலு எண்ணுவார். பக்கெட்டில் துப்புவார். கட்டைவிரலை மேலே தூக்கினால் சரி, கீழே காட்டினால் சூப்பர்வைசர் ஓடிவருவார். மூன்று வருஷம் முன்னால் இந்த வேலைக்கென்று பரிசோதனை அறையில் ஒரு மெஷின் வந்து இறங்கியது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணும் வந்தாள். அவள் மெஷின் காட்டும் எண்ணும் இவர் கட்டைவிரலும் பத்துக்கு ஒன்பது தடவை ஒத்துப்போயின. பத்தாவது தடவை மெஷினுக்கு உடம்பு சரியில்லை என்று இவர் சொல்லிக்கொள்வார்.

நாக்கு இப்படிக் கூர்மையாக இருக்க வேண்டுமென்றால் அதைச் சும்மா விடக்கூடாது என்பது அவர் கொள்கை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, இருபத்தேழு வருஷமாக, வீட்டில் உப்பில்லாமல்தான் சாப்பிட்டார். அதனால் அந்த வீட்டு அடுப்பில் எப்போதும் இரண்டு பானை. பெரிய பானை மனுஷருக்கு, சின்னப் பானை இவருக்கு என்று வீட்டம்மா பிரித்து வைத்திருந்தாள். பெரிய பானையைப் பார்த்துப் பார்த்துச் சமைப்பாள். சின்னதில் கிழங்கோ பருப்போ தண்ணீரில் வெந்து கிடக்கும்.

"உப்புப் போட்டுத் தின்னாத்தானே ரோஷம் வரும்," என்பாள் வருகிறவர் போகிறவரிடம். "இவரை என்ன சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே நிப்பாரு."

அவர் சிரித்துக்கொண்டே நிற்பார். பிறகு சின்னப் பானையிலிருந்து கிழங்கை எடுத்துக் கையால் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டு, கிழங்குக்கென்று சொந்தமாக ஒரு ருசி இருக்கிறது, நீங்களெல்லாம் உப்பைக் கொட்டி அதன் வாயை அடைத்துவிடுகிறீர்கள் என்பார். பொறுமையாக மென்றால் அது தானாக வெளியே வரும் என்பார். யாரும் அவ்வளவு பொறுமையாக மெல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பேத்தி பிறந்தாள்.

பேத்தி என்றால் உலகத்தில் வேறு யாருக்கும் பிறக்காத பேத்தி. காது மடல் ஒன்று மட்டும் கொஞ்சம் மடிந்திருக்கும், வேலை மும்முரத்தில் யாரோ பாதியில் விட்டுப் போனது மாதிரி. தூங்கி எழுந்தால் இரண்டு நிமிஷம் யாரையும் அடையாளம் தெரியாத மாதிரி முறைப்பாள். பிறகு தெரிந்துகொண்டு முகம் முழுக்கச் சிரிப்பாள். மகளுக்குத் தபால் ஆபீசில் வேலை, மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறவர். அதனால் ஆறாவது மாசத்திலிருந்து பகலில் பாப்பா இங்கே. காலையில் வீட்டம்மா பார்த்துக்கொள்வாள். இரண்டு மணிக்கு உப்புக்காரர் வேலை முடிந்து வந்ததும் அவள் லாண்டரிக்குக் கிளம்புவாள். இரண்டரையிலிருந்து ஆறு மணிவரை தாத்தாவும் பேத்தியும்தான். அந்த மூன்றரை மணி நேரத்துக்காக அவர் காலை ஆறு மணியிலிருந்து காத்திருப்பார்.

பாப்பாவுக்குச் சாப்பாடு ஆரம்பிக்கலாம் என்று குழந்தைகள் கிளினிக்கில் சொன்ன அன்றே நர்ஸம்மா கண்டிஷனும் போட்டுவிட்டார். ஒரு வயசு முடியும்வரை சாப்பாட்டில் உப்பு சேர்க்கக் கூடாது, சர்க்கரையும் கூடாது. குழந்தையின் சிறுநீரகம் சின்னது, அதிக உப்பை வெளியே தள்ள அதனால் முடியாது. அதோடு இப்போது நாக்கு எதைப் பழகுகிறதோ அதைத்தான் பெரிசானாலும் தேடும். ரொட்டி, பிஸ்கட், சீஸ் இதிலெல்லாம் உப்பு ஒளிந்திருக்கும், பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள் என்றார்.

வீட்டம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "உன்னை அஞ்சாவது மாசத்துலயே உப்புப் போட்டுத்தான் வளர்த்தேன். நீ என்ன கெட்டாப் போயிட்ட?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்," என்றாள் மகள். "அதை நீதான் சொல்லணும்."

அன்றே மகள் தீர்ப்பும் சொல்லிவிட்டாள். பாப்பாவுக்குத் தனியாக எதுவும் சமைக்க வேண்டாம், அப்பாவின் பானையிலிருந்தே எடுத்துப் பிசைந்து கொடுத்தால் போதும். இருபத்தேழு வருஷமாக நாயும் சீண்டாத பானைக்கு அன்று வந்தது மரியாதை. உப்புக்காரர் அந்தப் பானையைத் தானே தேய்த்து வைத்தார்.

காலையில் வீட்டம்மா ஸ்பூனால் ஊட்டுவாள். மதியம் தாத்தா கையால் ஊட்டுவார். வேலையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு உட்காருவார். அந்த விஷயத்தில் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. பாப்பா வாயைத் திறந்து வாங்கிக்கொள்வாள். வாங்கிய பிறகு விரலை விடமாட்டாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சப்புவாள், பிறகு அடுத்த விரல். வழிந்ததை அவர் துண்டின் நுனியால் துடைத்துவிட்டால் அந்த நுனியையும் பிடித்து வாயில் வைத்துக்கொள்வாள். எவ்வளவு அழுதாலும் அவர் தோளில் போட்டால் அடங்கிவிடுவாள். துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடப்பாள்.

கம்பெனியில் டீ இடைவேளையில் இது தினமும் ஒலிபரப்பாயிற்று. பெத்தவள் தூக்கினால் அழுகிறது, நான் தூக்கினால் நிற்கிறது, இதற்கெல்லாம் கைராசி வேண்டும் என்பார். பேரன் பேத்தி இல்லாதவர்கள் டீயை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள்.

ஒன்பதாவது மாசம் சிக்கல் வந்தது. பாப்பா ஸ்பூனைக் கண்டால் வாயைப் பூட்டிக்கொண்டாள். காலையில் பாட்டி ஊட்டினால் நாக்கால் தள்ளுவாள். ராத்திரி வீட்டில் அம்மா ஊட்டினால் தலையைத் திருப்புவாள். தாத்தா கையால் மட்டும் சாப்பிட்டாள். உப்புக்காரருக்கு இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆனால் கிளினிக்கில் எடை பார்த்தபோது முள் போன மாசத்து இடத்தைவிட்டு நகரவில்லை.

நர்ஸம்மா அட்டையைப் பார்த்தார். எங்கேயாவது உப்பு ருசி பழகியிருக்குமா, அப்படிப் பழகியிருந்தால் சப்பென்று இருப்பதை ஒதுக்கும் என்று கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் மகள் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். தாத்தாவும் திரும்பிப் பார்த்தார்.

வீட்டம்மாவின் பழைய பேச்சு அவளுக்கே எதிராக நின்றது. ரொட்டியின் ஓரத்தைப் பாலில் நனைத்து மூன்று தடவை கொடுத்திருக்கிறேன், சத்தியமாக வேறொன்றும் இல்லை என்றாள். மூன்று தடவை என்று சொன்னால் எத்தனை தடவை என்று மகளுக்குத் தெரியுமாம்.

வீட்டுக்கு வந்ததும் மகள் சத்தம் போடவில்லை. "ஒண்ணாம் தேதியிலிருந்து பாப்பாவைக் காப்பகத்துல விடுறேன். சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அங்க சொன்னதைச் சொன்னபடி செய்வாங்க, அவ்வளவுதான்."

ஒண்ணாம் தேதிக்கு மூன்று வாரம்கூட இல்லை. இரண்டரையிலிருந்து ஆறு மணிவரை இருக்கும் நேரத்தை என்ன செய்வது என்று உப்புக்காரர் யோசித்துப் பார்த்தார். பேத்தி வருவதற்கு முன்னால் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே நினைவுக்கு வரவில்லை. எங்கே உப்பு இருக்கிறது என்று நான் கண்டுபிடிக்கிறேன், என் நாக்கு எதற்கு இருக்கிறது என்று மகளிடம் சொன்னார்.

மறுநாள் மதியம் பாப்பா தூங்கியதும் விசாரணை ஆரம்பமாயிற்று. வீட்டம்மா அன்று லாண்டரிக்கு லீவு போட்டுவிட்டு அடுக்களைச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவர் முறையாகக் கை கழுவினார், துடைத்தார், மேசையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். ஆள்காட்டி விரலைப் பாப்பாவின் கிழங்கு மசியலில் தொட்டு நாக்கில் வைத்தார். நாலு எண்ணினார். உப்பு. பருப்பைத் தொட்டார். உப்பு. பால் கஞ்சி, அதிலும் உப்பு. கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைத் தொட்டார். லேசாக, ஆனால் உப்பு.

அந்தத் தண்ணீரோடு அவர் நிறுத்தியிருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் உப்புக் கரித்தால் ஒரு மனுஷன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆனால் இருபத்தேழு வருஷம் சொந்த நாக்கை நம்பிய ஆள் மற்ற எல்லோரையும் சந்தேகப்பட்டு முடித்த பிறகுதான் அந்தப் பக்கம் வருவார்.

கட்டைவிரலைக் கீழே காட்டினார். "எல்லாத்துலயும் போட்டிருக்க. தண்ணியிலகூட."

முப்பத்தோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் வீட்டம்மா பால் பொங்குகிற நேரத்துக்கு மேல் பேசாமல் இருந்ததில்லை. அன்று மாலைவரை பேசவில்லை. மகள் வந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாள். அப்பா சொன்னதைக் கேட்டுக்கொண்டாள், அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அதிகம் வலித்திருக்கும். கதவைச் சாத்திய பிறகுதான் வீட்டம்மா வாயைத் திறந்தாள்.

"உங்க நாக்கு மட்டும்தான் சாட்சியா? உங்க கம்பெனில மெஷின் இருக்குல்ல. அதுல வெச்சுப் பாருங்க."

காலையில் சின்னதாக மூன்று டப்பாக்கள் தயாராக இருந்தன. ஒன்றில் மசியல், ஒன்றில் பருப்பு, ஒன்றில் தண்ணீர். லாண்டரியில் மூட்டை கட்டும் நூலால் மூன்றையும் இறுக்கிக் கட்டி, ஒவ்வொரு முடிச்சிலும் லாண்டரி டோக்கன் ஒன்று செருகியிருந்தாள். முடிச்சை அந்தப் பெண்தான் அவிழ்க்க வேண்டும், உங்கள் கை படக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தாள். புருஷனை நம்பாமல் சொன்ன சொல்தான். ஆனால் அந்த வீட்டில் அந்த வாரம் யாரும் சொன்னதிலேயே சரியான சொல் அதுதான் என்று அவளுக்கே அப்போது தெரியாது.

டீ இடைவேளையில் பரிசோதனை அறைப் பெண் டோக்கன்களை ஒவ்வொன்றாக உருவி மேசையில் வைத்தாள். முடிச்சை அவிழ்த்தாள், கரைத்தாள், கண்ணாடிக் குவளையில் மெஷினின் குச்சியை விட்டாள். மூன்றிலும் எண் தரையோடு கிடந்தது.

"கிழங்குல, பருப்புல தானா இருக்குற துளி இருக்குண்ணே. மேல போட்ட உப்புன்னு ஒண்ணும் இல்ல."

"மெஷின் பழசாயிடுச்சோ?"

"மூணு வருஷம் ஆச்சு. உங்க நாக்குக்கு எத்தனை வருஷம்?"

அவர் விடவில்லை. மிச்சமிருந்த தண்ணீரில் விரலை விட்டுத் தொட்டு நாக்கில் வைத்தார். நாலு எண்ணி, இருக்கிறது என்றார். அவள் அந்தத் தண்ணீரிலேயே மறுபடி குச்சியை விட்டாள். எண் ஏறியது. இப்போது இருந்தது. அவள் டப்பாவைப் பார்க்கவில்லை, அவர் விரலைப் பார்த்தாள்.

கையைக் கழுவச் சொன்னாள். கழுவினார், தோளிலிருந்த துண்டில் துடைத்தார், புதுத் தண்ணீரில் விரலை விட்டார். எண் ஏறியது. மறுபடி கழுவச் சொன்னாள், இந்தத் தடவை துடைக்காதீர்கள் என்றாள். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு சரணடைந்த ஆள் மாதிரி நின்று காயவைத்தார். விரலை விட்டார். எண் படுத்துக்கொண்டது.

இரண்டு பேரும் துண்டைப் பார்த்தார்கள்.

அவள் துண்டின் நுனியை ஒரு குவளைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். மெஷினில் எண் வரவில்லை, ஒரு கோடு மட்டும் வந்தது. அளவுக்கு மேலே போனால் அப்படித்தான் காட்டுமாம்.

"இது துண்டு இல்லண்ணே," என்றாள் அவள். "இது சிப்ஸ்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. முதலில் அவருக்கு வீட்டம்மாவின் முகம் ஞாபகம் வந்தது, சுவரில் சாய்ந்து நின்ற முகம். பிறகு சின்னப் பானை. கை கழுவித் துண்டில் துடைத்து, அந்தக் கையால் பிசைந்து, கிழங்கின் சொந்த ருசி என்று இருபத்தேழு வருஷம் ஊருக்கே சொன்னது எது என்று புரிந்தது. அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். பாப்பா ஞாபகம் வந்தபோது டீ முழுசாக ஆறிவிட்டது. அவள் விரலை விடாமல் சப்பினாள். துண்டில் முகம் புதைத்துக் கிடந்தாள். பெத்தவளிடம் போகாமல் அவரிடம் வந்தாள். அவரிடம்தான் வந்தாளா என்பது இப்போது கேள்வி.

குழாயைத் துடைக்கக் காகிதச் சுருள் வாங்கித் தருவதாக அந்தப் பெண் சொன்னாள், கேட்டால் எப்போதோ கொடுத்திருப்பார்களாம். மிச்ச நேரமெல்லாம் அவர் காகிதத்தால் துடைத்தார். குழாய் அடைக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. தாமதமாகிறது என்று பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே வீட்டம்மா லாண்டரிக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவரும் போனார். உள்ளே ஆவி புகைந்தது. விரிப்பு மூட்டைகளுக்கு நடுவே ஒரு கூடையில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். வீட்டம்மா இஸ்திரி மேசையிலிருந்து நிமிரவில்லை. மெஷின் என்ன சொன்னது என்று கேட்கவுமில்லை. அவள்தான் அது தெரிந்த ஒரே ஆள்.

உப்புக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அது நின்றது.

"இதைத் துவைக்கணும்," என்றார்.

வீட்டம்மா துண்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் மூன்று டப்பாவிலும் ஒன்றும் இல்லை என்றும் எதில் இருந்தது என்றும் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். அவள் ஒரு விரலால் துண்டின் நுனியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். அவளும் நாலு எண்ணியிருப்பாள். பிறகு ஆணியிலிருந்து ஒரு டோக்கனை எடுத்து நீட்டினாள்.

"வியாழக்கிழமை வந்து வாங்கிக்குங்க. அவசரத்துக்கெல்லாம் இங்க குடுக்குறதில்ல."

மாலையில் மகளிடமும் அவரே சொன்னார். மகள் சிரிப்பாள் என்று நினைத்தார், சிரிக்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ரொட்டி மூன்று தடவை கொடுத்தது நிஜம்தான் என்றாள் வீட்டம்மா. தெரியும்மா என்றாள் மகள். பிறகு அவள் கெடுவைச் சொன்னாள். பதினாலு நாளில் மறுபடி எடை பார்க்கப் போக வேண்டும். ஏறியிருந்தால் பாப்பா இங்கேயே இருக்கட்டும். ஏறவில்லை என்றால் ஒண்ணாம் தேதி காப்பகம்.

முதல் நாள் அவர் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினார், காற்றில் உலர்த்தினார், உட்கார்ந்தார். பாப்பா கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைத்தாள். வெளியே எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். வேறு யாருடைய விரலையோ மாற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்கிற மாதிரி அவர் முகத்தைப் பார்த்தாள். விட்டுவிட்டாள். ஒரு வாய் கிழங்கு வைத்தார், நாக்கால் தள்ளினாள். தோளில் போட்டார், துண்டு இருந்த இடத்தை முகர்ந்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அவர் தூக்கியும் அவள் அழுகை நிற்காதது அதுதான் முதல் தடவை.

தான் சாப்பிட்டாவது காட்டலாம் என்று தன் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். இருபத்தேழு வருஷத்தில் அவர் உப்பில்லாமல் சாப்பிட்ட முதல் வாய் அது. ஈரச் சுவரைக் கடித்த மாதிரி இருந்தது. பொறுமையாக மென்றார். ஒன்றும் வெளியே வரவில்லை. ஒரே பானையிலிருந்து சாப்பிடும் இரண்டு பேருக்கும் அந்தப் பானையைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான் இருந்தது.

இரண்டாம் நாளும் அப்படியே. நாலாம் நாள் அவர் அடுக்களைக்குள் போய் உப்பு டப்பாவைத் திறந்தார். கூடத்தில் பாப்பா அழுதுகொண்டிருந்தாள். இரண்டு விரலில் அள்ளினால் போதும், யாருக்கும் தெரியாது, வீட்டில் மெஷின் இல்லை. சாப்பிடுவாள், எடை ஏறும், பாப்பா இங்கேயே இருப்பாள். டப்பாவைப் பார்த்துக்கொண்டு நாலு எண்ணினார். அந்த இரண்டு விரல் உப்பைப் போட்டால் அவள் இங்கே இருப்பது டப்பாவுக்காகத்தான், தாத்தாவுக்காக இல்லை. மூடியை அழுத்தி மூடினார். பாப்பாவை இடுப்பில் வைத்து, டப்பாவை எடுத்துக்கொண்டு போய் லாண்டரியில் வீட்டம்மாவிடம் கொடுத்து, போகும்போதெல்லாம் கூடவே எடுத்துக்கொண்டு போ என்றார். அவள் அதை வாங்கி இஸ்திரி மேசைக்கு அடியில் வைத்தாள்.

ஆனால் அடுத்த நாள் சின்னப் பானை மாறியிருந்தது. வெறும் கிழங்கைத் தண்ணீரில் போட்டு அவித்தால் எந்தக் குழந்தைதான் தின்னும் என்று வீட்டம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபத்தேழு வருஷம் அப்படி அவித்தது யார் என்று அவர் கேட்கவில்லை. பூசணி சேர்த்திருந்தாள், கேரட்டைக் குழைய வேகவிட்டிருந்தாள், வெங்காயத்தை வதக்கிப் போட்டிருந்தாள். முதல் தடவையாகச் சின்னப் பானையையும் பார்த்துப் பார்த்துச் சமைத்திருந்தாள்.

ஆறாம் நாள் மதியம் அவர் தன் கிண்ணத்தோடு பாப்பாவின் எதிரே தரையில் உட்கார்ந்தார். இனிமேல் ஊட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தார். நம் கை போன வாரம்வரை பொய் சொன்ன கை, அதை ஏன் நீட்ட வேண்டும் என்று தோன்றியது. ஒரு வாய் போட்டார். பூசணி பரவாயில்லை. ஆனாலும் உப்பில்லை, முகம் தானாகக் கோணிக்கொண்டது. பாப்பா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

இன்னொரு வாய் போட்டார். மறுபடி கோணியது. பாப்பா தொடையில் தட்டிச் சிரித்தாள். பிறகு தவழ்ந்து வந்து அவர் கிண்ணத்துக்குள் கையை விட்டு, ஒரு கேரட் துண்டை நசுக்கி எடுத்து வாயில் போட்டாள். அவள் முகமும் கோணியது, அச்சாக அவர் முகம் மாதிரி. துப்பவில்லை. மென்றாள். அவரையே பார்த்துக்கொண்டு மறுபடி கையை விட்டாள்.

"நல்லாத்தான் இல்ல," என்று அவர் அவளிடம் சொன்னார். "ஆனா தின்னுடலாம், வா."

அன்றிலிருந்து அப்படித்தான். இரண்டு பேரும் எதிரெதிரே தரையில், நடுவில் ஒரே கிண்ணம். அவள் எடுத்ததில் பாதி தரைக்கு, கால்வாசி அவர் வேட்டிக்கு, மிச்சம் வாய்க்கு. ஆறு மணிக்கு மகள் வரும்போது வீடு சந்தை கலைந்த இடம் மாதிரி இருக்கும். மகள் பார்ப்பாள், பாப்பாவின் முகத்தைத் துடைத்துத் தூக்கிக்கொள்வாள். பத்தாம் நாள் ராத்திரி தன் வீட்டிலும் பாப்பா தட்டிலிருந்து தானே எடுத்துச் சாப்பிட்டாள் என்று போன் வந்தது. அதற்கென்றே போன் செய்தாள்.

வியாழக்கிழமை வந்த துண்டு அவ்வளவு மெத்தென்று இருந்தது. நீலக் கோடு போட்ட துண்டு என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. வீட்டம்மா அதை நாலாக வெட்டி ஓரம் தைத்துப் பாப்பாவுக்குக் கழுத்துத் துணி ஆக்கினாள். டோக்கனை மட்டும் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பதினாலாம் நாள் நாலு பேரும் கிளினிக்குக்குப் போனார்கள். உப்புக்காரர் லீவு போட்டிருந்தார், அவர் இடத்தில் அன்று மெஷின் தனியாக வேலை பார்த்தது. நர்ஸம்மா பாப்பாவை எடைத் தட்டில் உட்காரவைத்தார். அவள் ஆடாமல் இருக்கும்வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், தங்கள் மூச்சும் எடையில் சேர்ந்துவிடும் என்கிற மாதிரி. நூற்றெண்பது கிராம் ஏறியிருந்தது. நர்ஸம்மா அட்டையில் எழுதினார். நல்லது, இப்படியே போகட்டும், பெரியவர்களும் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் ஒரே பானையில் சமைத்துவிடலாம் என்றார்.

மகள் அட்டையை வாங்கிப் பையில் வைத்தாள். காப்பகத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், ஞாபகப்படுத்துங்கள் என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் சரி என்றார்.

உடுப்பு மாட்டியதும் பாப்பாவை அவரிடம் கொடுத்தார்கள். அவள் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். கட்டைவிரலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அவர் அசையாமல் நின்றார். வெளியே வராண்டாக் குழாயில் இப்போதுதான் கழுவிய கை, காற்றில் காய்ந்த கை. அதில் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். அவள் வெளியே எடுத்துப் பார்ப்பாள் என்று காத்திருந்தார். எடுக்கவில்லை. சப்பிக்கொண்டே அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அவர் வீட்டம்மாவைப் பார்த்தார். பார்த்தாயா என்கிற பார்வை.

"பல்லு முளைக்குது," என்றாள் வீட்டம்மா. "எதைக் குடுத்தாலும் கடிக்கும்."

இப்போதுதான் அவர் நிஜமாகவே உப்பில்லாமல் சாப்பிடுகிறவர். ரோஷம் வரவில்லை. சிரித்துக்கொண்டே நின்றார். விரலை மட்டும், வீடு போய்ச் சேரும்வரை, அவர் எடுக்கவில்லை.